சீனாவில் எந்தப் பக்கம்?

கேள்வி: வெளிநாட்டில் "சிங்கப்பூர் சீனாவில் எந்தப் பக்கம்?" என்கிறார்களே, என்ன சொல்வது?
– ஒரு வாசகர், மார்சிலிங்

பதில்: பேச்சே வேண்டாம், ஒரு பத்து வெள்ளி நோட்டை நீட்டினால் போதும். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் நாட்டின் பெயர் இருக்கும். படத்தில் இருப்பவர் முதல் அதிபர் யூசோஃப் இஷாக், மலாய்க்காரர்.

இந்தச் சந்தேகத்துக்கும் நாட்டின் வயதுதான். 1965 ஆகஸ்ட் 9-ல் தனி நாடானபோது குடிமக்களில் முக்கால்வாசி சீனர்கள். சுற்றிலும் மலாய் உலகம். 'மூன்றாவது சீனா' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று சிங்கப்பூர் கால் நூற்றாண்டு பொறுத்திருந்தது. இந்தோனேசியா முதலில் கைகுலுக்கட்டும் என்று காத்திருந்து, 1990 அக்டோபர் 3-ல்தான் பெய்ஜிங்குடன் தூதரக உறவு வைத்துக்கொண்டது. அசாத்தியப் பொறுமை!

சிங்கப்பூரை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய முதல் வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாண மண்ணில் பிறந்த தமிழர், எஸ். ராஜரத்தினம். இனம், மொழி, மதம் கடந்து ஒரே மக்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் பற்றுறுதியை 1966-ல் எழுதியவரும் அவரே. நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்.

பற்றுறுதி சொல்லும் அந்த மதச்சார்பின்மை சும்மா வரவில்லை. 1968-ல் விடுமுறைகளைக் குறைத்தபோது முஸ்லிம்கள் நபி பிறந்தநாளையும், கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்களையும் விட்டுக்கொடுத்தார்கள். நம் இந்துக்களுக்குப் போனது தைப்பூச விடுமுறை. அதைத் திரும்பக் கேட்கும் குரல் இன்னும் ஓயவில்லை. அந்த ஏக்கம் நியாயமானதே.