சின்னத் தீவு, பெரிய செலவு

கேள்வி: குட்டித் தீவு நாடுகளை ஆள்வது சுலபம்தானே? அங்கேயும் ஏன் மக்கள் புலம்புகிறார்கள்?

பதில்: நவ்ரு என்ற தீவு நாட்டையே பாருங்கள், மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்தான். 1968இல் விடுதலை. பாஸ்பேட்டை வெட்டி விற்ற காசில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானக் கம்பெனி என்று அமர்க்களம். 1993இல் லண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றிய இசை நாடகத்துக்கும் முதல் போட்டார்கள். (சினிமா எடுத்துத் தலையில் துண்டு போட்டவர்களைக் கேளுங்கள், முடிவைச் சொல்வார்கள்!) 2004இல் கட்டடமும் கைமாறியது. பாஸ்பேட் வெட்டிய தீவின் நடுப்பகுதியோ இன்னும் விவசாயத்துக்கு உதவாத சுண்ணாம்புக்கல் பொட்டல். நாடாளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள். பத்துப் பேர் கைதூக்கினால் அதிபர் வீட்டுக்குப் போகலாம். அடிக்கடி போயும் இருக்கிறார்கள். ஆத்திரம் தீர அமைச்சரைத் திட்டலாமென்றால், அவர் மச்சான் முறையாக இருந்து தொலைப்பார்!