வழுக்காத தரை, வழுக்கிய எல்லை

திருவனந்தபுரத்தில் புதுவீடு கட்டுகிறவருக்கு இப்போது பாரம்பரியம் வேண்டும். அதுவும் லாரியில் வந்து இறங்க வேண்டும். சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் குடும்பத் தொழிலாகத் தரைக்கல் வார்ப்பவர்கள் தூரத்துக்கு அஞ்சுவதில்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் தூவி அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு எடுக்கும் கல் அது. சூளை கிடையாது, அவசரமும் கிடையாது. அவசரமெல்லாம் வீட்டுக்காரருடையது. பால் காய்ச்சும் நாளை முன்பே குறித்துவிட்டு, 300 கிலோமீட்டருக்கு அப்பால் ஊறும் கல்லை ஃபோனில் விரட்டுவார். பதித்து முடித்ததும் அதன்மேல் சோபாவைப் போட்டு மறைப்பார். (செட்டிநாட்டு முன்னோர் இத்தாலியப் பளிங்கையே கப்பலில் வரவழைத்தவர்கள். அவர்கள் இவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.)

இத்தனைக்கும் திருவனந்தபுரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் கருந்தரையில் இன்றும் முகம் பார்க்கலாம். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்மானம் சொல்கிறார்கள். அத்தனை முட்டைக்குக் கொட்டேஷன் தர எந்த ஒப்பந்தக்காரரும் முன்வருவதாகத் தெரியவில்லை. அந்தத் தரை இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று அதைச் சுற்றியிருந்த மாநிலம்தான் மாறியது: அரண்மனை நிற்கும் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துக்கு, அரண்மனைப் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறைக்கு. ஆகவே தமிழ்நாட்டு மண்ணில் நம்மைச் செருப்பைக் கழற்றச் சொல்வது கேரள அரசு.