வியாதிக்குப் பெயர் வைத்த கதை

கேள்வி: இரவு இரண்டு மணி வரை செல்போனை நோண்டுகிறேன். 'இது வியாதி' என்கிறார் மனைவி. இணைய அடிமைத்தனம் நிஜமாகவே ஒரு நோயா? (ஒரு வாசகர், தேனி)

பதில்: நோயோ இல்லையோ, பெயர் வைத்தது விளையாட்டுக்கு! மனக் கோளாறுகளைப் பட்டியலிடும் தடிமனான அமெரிக்கக் கையேட்டைக் கேலி செய்வதற்காக, 1995-ல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க் 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றைக் கற்பனையாக எழுதி இணையத்தில் போட்டார். விரல்கள் தம்மையறியாமல் தட்டச்சு செய்வதும் ஓர் அறிகுறியாம். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், 'டாக்டர், எனக்கும் இருக்கிறது' என்று ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்கு ஓர் ஆதரவுக் குழுவும் உருவானது. எங்கே? இணையத்தில்தான். (குடியை நிறுத்தும் கூட்டத்தை டாஸ்மாக் பாரில் நடத்தியது போல.)

கேலி இன்று பாதி மெய். அளவு மீறி வீடியோ கேம் ஆடுவதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது; அது 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரீல்ஸ் பார்ப்பது அதில் இல்லை. ஆனால் இந்த ஒரு பாயிண்ட்டை வைத்து மனைவியிடம் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனி சிகிச்சைப் பிரிவு உண்டு, தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் யோசியுங்கள்.

பழி முழுக்க உங்கள் மேல் இல்லை. தள்ளத் தள்ள முடிவில்லாமல் வரும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னர் அதற்காக வருந்தினார். அந்தச் செய்தியையும் நாம் செல்போனில் தள்ளித் தள்ளித்தான் படித்தோம்.