தென்காசி வட்டாரத்தில் ஞானப்பல் எடுக்க உகந்த மாதம்: ஓர் ஆய்வு

கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் அனைத்துக்கும் முகூர்த்தம் குறித்த பஞ்சாங்கக்காரர்கள் ஞானப்பல் எடுப்பதற்கு மட்டும் நாள் குறிக்காமல் விட்டனர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின்பும் இக்குறை தீரவில்லை. ஈண்டு அது தீர்க்கப்படும்.

மற்றப் பற்களெல்லாம் இடம்பிடித்து உட்கார்ந்தபின், 17 முதல் 25 வயதுக்குள் தாடையின் கோடியில் முளைப்பது ஞானப்பல். சிலருக்கு முளைப்பதே இல்லை. அந்தப் பாக்கியசாலிகள் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்பவர்கள். இடம் கிடைக்காத பல் சாய்ந்து தனக்கு முன்னுள்ள பல்லை முட்டும். பாதி ஈறுக்குள் கிடந்தால் இடுக்கில் பருக்கை தங்கிச் சீழ் வைக்கும். நாகரிக மனிதன் வேகவைத்த மெத்தென்ற உணவையே தின்றதால் தாடை குறுகியிருக்கலாம் என்று டார்வின் 1871-இல் ஒரு நூலில் எழுதினார். பிரானூர் பார்டர் கடைகளில் நாட்டுக்கோழி மெல்லும் தாடைகளை அவர் கணக்கில் கொள்ளாதது அந்நூலின் குறையே.

இனி மாதங்கள். ஆனி முதல் ஆவணி வரை அறவே ஆகாது. பல் எடுத்த குழியை உறைந்த ரத்தம் மூடியிருக்க வேண்டும். அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் வாக்கில் வலி காதுவரை ஏறும். ஆகவே துப்பாதே, உறிஞ்சாதே, சூடாகவும் மொறுமொறுப்பாகவும் தின்னாதே என்பார் டாக்டர். இம்மாதங்களின் அருவிச் சீசனில் குற்றாலம் வருபவர்கள் செய்வது இவை மட்டுமே. அருவிக்குள் நின்றவர் எவரும் வாய்நிறையத் தண்ணீர் வாங்கித் துப்பாமல் வெளியே வந்ததில்லை. பேரருவியின் வேகத்தையாவது பொங்குமாங்கடல் நடுவழியில் தாங்கித் தணித்து அனுப்புகிறது. பல்குழிக்கு அந்தக் காவல் கிடையாது. ஈரத்துண்டோடு நாலடி வைத்தால் சட்டியிலிருந்து அப்போதுதான் அரித்தெடுத்த நேந்திரங்காய் சிப்ஸ், எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தில் கையைச் சுடும்.

வீட்டிலோ சொந்தபந்தம். "பல்லு எடுத்தவன் அருவியில தலையக் குடுத்தா ஜன்னி கண்டுரும்லே" என்பார் அத்தை. "குத்தாலத் தண்ணி பட்டா எந்தப் புண்ணும் ஆறிரும், நீ வால" என்பார் மாமா. இருவரும் பல் மருத்துவம் பயின்றவரல்லர்.

ஐப்பசியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் நோயாளிக்குச் சாதகம்போலத் தோன்றும். நம்பற்க. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பசாமிமார் வருவார்கள், சிப்ஸ் சட்டி மறுபடி ஏறும். மார்கழித் திருவாதிரைக்குக் குற்றாலத்துச் சித்திரசபை பக்கம் போனால் களி கிடைக்கும். ஆறவைத்தால் மெல்லாமலே இறங்கும். ஆனால் ஒருநாள் களியை நம்பி ஒரு வாரத்துக்குப் பல் எடுக்க முடியாது. மாசியில் அருவி வெறும் பாறை. சபலம் பாதி குறையும். மீதிப் பாதியை மாவடு கெடுத்துவிடும்.

உகந்தது பங்குனிக் கடைசி. நுங்கு வந்துவிடும். குளிர்ச்சி, மெத்தென்ற சதை, பல்லுக்கு வேலையில்லை. கட்டைவிரலால் நோண்டி வாய்வைத்து உறிஞ்சுவது மட்டும் விலக்கு. தோலுரித்து, கரண்டியால் மசித்து, மறுபக்கக் கன்னத்தில் ஒதுக்கி விழுங்குக. இதுவே இக்கட்டுரையாளர் துணிபு.

எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் உடனே எடுக்கச் சொன்னால் மட்டும் இவ்வாய்வை ஓரமாக வைத்துவிட்டு எந்த மாதமானாலும் எடுத்துவிடுங்கள். அது ஆடியாக இருந்தால், ஆறும்வரை சொந்தக்காரர் யாருக்கும் சொல்லாதீர்கள்.