அமுக்கியும் எழாமை: மடிக்கணினிப் பவர் பட்டன் பற்றிய ஓர் ஆராய்ச்சி

மடிக்கணினியின் திரையையும் விசைப்பலகையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர் உளர். அவ்விரண்டையும் எழுப்பிவிடும் பவர் பட்டனைப் பாடினோர் இலர். நாளுக்கொரு முறை அமுக்கப்பட்டு ஏனைப் பொழுதெல்லாம் மறக்கப்படும் உறுப்பாதலின், இந்நிலை என்க. அக்குறை களைய எழுந்தது இக்கட்டுரை. டெஸ்க்டாப் கணினி இதன் எல்லைக்குள் வாராது. என்னை? அதன் பட்டன் கெட்டால் ரீசெட் பட்டனின் வயரைப் பிடுங்கி அவ்விடத்தில் செருகிப் பிழைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்கு அங்கே துயரம் போதாது.

பட்டன் வழியாகத்தான் கரண்ட் மெஷினுக்குள் பாய்கிறது என்பது பாமரர் கொள்கை. ஒரு காலத்தில் அது மெய்யாகவே இருந்தது. பழைய ஏடி வகைக் கணினிகளில் சுவிட்சைத் தட்டினால் மின்சாரமே அறுபடும். அதனால்தான் விண்டோஸ் 95, தன் வேலையை முடித்துவிட்டு, இனி நீங்கள் அணைக்கலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் அனுமதி தந்து காத்திருந்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொணர்ந்தபின் பட்டனின் அதிகாரம் பறிபோயிற்று. இன்றைய மடிக்கணினியில் அதன் வழியே வருவது பெரும்பாலும் 3.3 வோல்ட் சிக்னல் ஒன்றுதான். அமுக்கும்போது உள்ளிருக்கும் உலோகத் தகடு வளைந்து அக்கம்பியைக் கிரவுண்டோடு தொடவைக்கிறது, வோல்டேஜ் விழுகிறது. சார்ஜர் செருகியது முதல் கண் மூடாமல் கிடக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் சிறு சிப் அதைப் பார்த்து, பயனர் எழச் சொல்கிறார் போலும் என்று முடிவுசெய்து, சப்ளைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது.

ஆகவே பட்டன் ஆணையிடுவதன்று, தாலுகா ஆபீஸில் மனு நீட்டுவது. மனுக்கொடுக்கப் போனவர் வழியில் கால் தடுக்கி விழுந்தமைக்கு, தாசில்தார் காலமாகிவிட்டார் என்று ஒப்பாரி வைப்பதே நாம் வீடுதோறும் காணும் பிழை. மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிவிடலாம் என்று முதலில் சொல்பவர் அநேகமாகப் புதிது வாங்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவராகவே இருப்பார்.

விழுந்த இடம் எது? பெரும்பாலும் ஸ்ட்ரிப் எனப்படும் தட்டைக் கேபிள். பட்டன் ஒரு சிறு போர்டில், அல்லது மேல்மூடியில் இருக்கும். மதர்போர்டு கீழே இருக்கும். இரண்டுக்கும் நடுவே காகிதத் தடிமனில் இக்கேபிள் ஓடும். அதன் நுனி நுழையும் கனெக்டரில் நகத்தால் மட்டுமே திறக்கத்தக்க ஒரு லாக் உண்டு. அதில் இரு சாதி: மேலே தூக்கித் திறப்பது, முன்னே தள்ளித் திறப்பது. தள்ள வேண்டியதைத் தூக்கினும், தூக்க வேண்டியதைத் தள்ளினும் விளைவு ஒன்றே. லாக் தெறித்துத் தரையில் விழும். விழுந்ததைக் கண்டுபிடித்தவர் வரலாற்றில் அரியர். ஃபேனில் தூசு தட்டவும் ரேம் மாற்றவும் ஆசைப்பட்டு, ஸ்க்ரூவெல்லாம் கழற்றிய உற்சாகத்தில், கேபிள் மாட்டியிருப்பதை மறந்து மேல்மூடியை ஒரே இழுப்பாக இழுப்போரால் இந்நோய் மிகுதியும் பரவுகிறது. சில மாடல்களில் பட்டன் விசைப்பலகையிலேயே ஒரு விசையாகப் பிறக்கும். அது செத்தால் கீபோர்டு முழுவதும் மாற்ற வேண்டும். இத்தகைய வடிவமைப்பைப் பாராட்டும் சொல் ஆய்வாளரிடம் இல்லை.

பட்டன் கெட்டும் பழுது பார்க்காமல் காலம் தள்ளுவோர் ஒரு தனி மரபினர். கணினியை அணைப்பதே இல்லை, தூங்க மட்டும் வைப்பது என்பது அவர்தம் விரதம். அப்டேட் வந்தாலும் அஞ்சார். ரீஸ்டார்ட்டுக்குப் பட்டன் வேண்டாமன்றோ. பேட்டரி அடியோடு இறங்கும் அன்றுதான் விரதம் முறிகிறது. பயாஸில் சார்ஜர் செருகினால் தானே எழும் வசதி சில மாடல்களில் உண்டே என்பர் பிறிதொரு சாரார். உண்டு. ஆனால் பயாஸுக்குள் போகக் கணினி எழ வேண்டும். எழுவதற்குப் பட்டன் வேண்டும். முன்யோசனை உடையார்க்கே இவ்வழி. 2016இன் மேக்புக் ப்ரோ மூடியைத் திறந்தாலே எழும் என்பதை இவ்விடத்தில் பெருமூச்சோடு குறித்து மேற்செல்வோம்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பட்டன் பழுதுக்கான மூலநூல் வாய்மொழியாக வழங்குகிறது. கடைக்காரர் பேட்டரியைப் பார்ப்பார், சார்ஜர் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார், பிறகு ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு, மீட்டரால் எந்தப் பின் எதுவென்று தடவிப் பார்த்து, உரிய இரண்டை ட்வீசர் முனையால் கணநேரம் தொடுவார். ஃபேன் சுழலும். “ஷார்ட் பண்ணா ஆன் ஆவுது சார்” என்பார். நோய், காரணம், மருந்து, கூலி நான்கும் இவ்வொரு வரியில் அடங்கும். மீட்டரால் பாராமல் கண்ணில் பட்ட இரண்டை ஷார்ட் செய்வோர், பக்கத்துப் பின்னில் வேறு சப்ளை இருக்கக்கூடும் என்பதை உணர்க. அவர்க்கு மேற்சொன்ன ஒப்பாரி உண்மையாகிவிடும்.

மருத்துவமும் அங்கேயே. கேபிள் மட்டும் அறுந்தால் அதே அளவில் வேறொன்று. லாக் போனால் கேபிளைச் செருகி, அதன்மேல் சிறு துண்டு ஸ்பாஞ்சு வைத்து, மஞ்சள் கேப்டான் டேப்பால் கட்டு. கனெக்டரே பெயர்ந்து அடியிலிருந்த செம்புத் தடமும் கூட வந்துவிட்டால், எனாமல் பூசிய மெல்லிய கம்பியால் ஜம்பர். பற்றவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுதல் எல்லா மரபினரும் ஒருமித்து ஏற்ற ஒரே விதி.

எஞ்சியது ஒரு சர்ச்சை. இரண்டு கம்பியை வெளியே இழுத்து வேறு சுவிட்ச் பொருத்தினால் என்ன? காலிங் பெல் சுவிட்ச் பொருந்தும். கையை எடுத்ததும் விடுபடுதலின். லைட் சுவிட்ச் பொருந்தாது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996இல் வகுத்த ஏசிபிஐ விதிப்படி, பட்டனை நாலு விநாடிக்கு மேல் அமுக்கியே வைத்திருந்தால் கணினி அணைந்துவிட வேண்டும். லைட் சுவிட்ச் போட்டது போட்டபடி நிற்கும். கணினி எழுந்து, கம்பெனி முத்திரையைக் காட்டி, பயனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் மறுபடி படுத்துக்கொள்ளும்.