செட் ஆச்சா?

தாம்பரம் சேலையூரிலிருந்து பாஸ்டனுக்கு வேலைக்குப் போன பிள்ளை அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் குளிரைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் ‘செட்’ புராணம்.

போன புதிதில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறும் பெண் வந்து ‘ஆல் செட்?’ என்றிருக்கிறாள். எல்லாம் சௌகரியமா என்று விசாரிக்கிறாள் போலும் என நினைத்து, நம்மவர் பல்லெல்லாம் தெரிய ‘எஸ், எஸ்’ என்றார். தட்டு போயிற்று. பில் வந்தது. அங்கே அதற்கு ‘சாப்பிட்டு முடிச்சாச்சா?’ என்று பொருளாம்.

‘பாதி உருளைக்கிழங்கு இருந்ததும்மா’ என்று அதற்குத் தனி வரி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தாம்பரத்தில் இந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. காலை டிபன் செட் தோசை. இரண்டு மூன்றாகச் சேர்த்துத் தருவதால் கர்நாடகத்தில் ஏற்பட்ட பெயர். பீச் போகும் மின்ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் ஏறுகிறவர்கள் ஒரு செட்டு. வயலுக்குப் பம்ப்செட், திருவிழாவுக்கு மைக்செட், கல்லூரி வாத்தியார் வேலைக்கு நெட் அல்லது செட் தேர்வு. ‘செட்டப்’ என்றால் பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத அர்த்தமும் உண்டு.

ஆங்கிலத்திலோ சூரியன் செட் ஆனால் அஸ்தமனம், ஜெல்லி செட் ஆனால் உறைந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள். பிறகு ‘ரன்’ 645 பொருள்களோடு முந்திவிட்டது. அதைத் தொகுத்து முடிக்க அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. பிள்ளைப்பேறு கணக்குதான்!

‘எனக்கு இது செட் ஆகலை’ என்பது நம் சொந்தச் சரக்கு என்றுதான் பிள்ளை நினைத்திருந்தார். ஆபீஸில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அதையும் கெடுத்துவிட்டார். ஸ்காட்லாந்துப் பேச்சில், சட்டை ஒருவருக்கு எடுப்பாக இருந்தால் அது அவரை ‘செட்’ செய்கிறது என்பார்களாம்.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் நடத்திய பள்ளிக்கூடம்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. சொல்லும் அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்று பிள்ளை அடித்துச் சொல்கிறார். ஆதாரம் கேட்டால் இல்லை.

அம்மா பதிலில் இந்த ஆராய்ச்சியைக் கண்டுகொள்ளவே இல்லை. கேட்டது ஒன்றுதான்: ‘அந்த ஊர்ச் சாப்பாடு செட் ஆச்சாடா?’

‘எஸ்’ என்று எழுத அவருக்குப் பயமாக இருக்கிறதாம்.