மண்ணூர் ரிசோட்டோ: குறைந்த செலவில் அரிசியைக் குழைத்தல் பற்றிய முதற்கட்ட ஆய்வு

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்து மண்ணூரின் உணவு வரலாற்றை எழுதியவர்களில் ஒருவர்கூட ரிசோட்டோ என்ற இத்தாலியக் குழைசோற்றைக் குறிப்பிடவில்லை. மண்ணூரின் உணவு வரலாற்றை எழுத யாரும் முன்வராதது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், ஆய்வுலகில் இப்படி ஒரு பள்ளம் கிடப்பதைக் கண்டபின் அதில் இறங்காமல் போவது அறிஞர்க்கு அழகல்ல. ஆகவே இறங்குகிறோம்.

நமது கருதுகோள் இது: ரிசோட்டோ இத்தாலியில் பிறந்தது தற்செயல், அது பிறந்திருக்க வேண்டிய இடம் மண்ணூர்.

முதற்சான்று புவியியல். இத்தாலியின் வடக்கே, போ ஆற்றுப் படுகையில், வெர்செல்லி என்னும் மாவட்டத்தின் சமவெளி முழுக்க நெல் வயல். 1866இல் திறந்த காவூர் கால்வாய் அதற்குத் தண்ணீர் தருகிறது. ரிசோட்டோவுக்குப் பேர்போன ஆர்போரியோ அரிசிக்கு அந்த மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டூரின். டூரின் என்றால் ஃபியட் கார். இங்கே ஏரிப் பாசன நெல் வயல். பக்கத்தில் 1998 முதல் கார் செய்யும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், 2010இல் வந்த ஒரகடம் ரெனோ-நிசான். இரண்டு இடத்திலும் நெல்லும் காரும் அடுத்தடுத்த வரப்பில். இதைவிட மெலிந்த ஒற்றுமைகளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் சான்று கண்ணாடி. 1574இல் மிலான் பேராலயத்தில் வண்ணக் கண்ணாடி செய்துகொண்டிருந்த ஒரு கைவினைஞரின் சீடன், எந்தச் சாயத்திலும் குங்குமப்பூவைக் கலக்கும் பழக்கமுள்ளவன், ஒரு கல்யாண விருந்தில் சோற்றிலும் கலந்துவிட்டானாம். மஞ்சள் நிற மிலான் ரிசோட்டோ அப்படித்தான் வந்ததாம். இது மிலான்காரர்கள் சொல்லும் கதை. நாம் கவனிக்க வேண்டியது, கண்ணாடித் தொழிலாளி இல்லாமல் ரிசோட்டோ இல்லை என்பதை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை இருக்கிறது. மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் சான்றுக்கு முன் வாசகர் சற்று எழுந்து நிற்பது மரியாதை. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசர், ஆண்டாள் நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடனைத் தாம் ஏற்று, அழகர்கோயிலில் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைத்தார் என்பது வைணவ மரபு. அக்காரவடிசில் செய்த மடைப்பள்ளிக்காரரைக் கேளுங்கள். பச்சரிசியைப் பருப்போடு லேசாக வறுத்துப் பாலில் வேகவைக்க வேண்டும். பால் சுண்டச் சுண்ட மேலும் பால். கையெடுக்காமல் கிளற வேண்டும். வெல்லத்தை எடுத்துவிட்டு வெங்காயத்தைப் போட்டால் மீதி என்ன? அது வைணவத் தளிகை ஆகாது என்பது தவிர, ரிசோட்டோதான். ஆனால் நூறு தடா என்பது சிக்கன முறை அன்று. ஆகவே அதை இத்தோடு வணங்கி விடுகிறோம்.

இனி அரிசி. சிக்கனவாதி இங்கேதான் முதலில் இடறுவார். இறக்குமதி ஆர்போரியோ ஒரு கிலோ வாங்கும் காசுக்கு மண்ணூர் மளிகைக் கடையில் ஏறக்குறைய பத்துக் கிலோ பச்சரிசி வாங்கலாம். அரிசிக்கான ரேஷன் அட்டை உள்ளவருக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையே இல்லை. ஆனால் ரேஷனில் போடும் அரிசி எல்லாம் ரிசோட்டோவுக்கு ஆகாது. புழுங்கலரிசியின் மாவுச்சத்து நெல்லாக அவிக்கும்போதே ஒருமுறை வெந்து இறுகிவிட்டது. அதை எவ்வளவு கிண்டினாலும் தன் சரக்கை வெளியே விடாது. பச்சரிசிதான் வேண்டும், அதிலும் குண்டு ரகம். ரிசோட்டோவின் கொழகொழப்பு க்ரீமால் வருவதில்லை. அரிசியோடு அரிசி உரசி உதிரும் அமைலோபெக்டின் என்ற மாவுப்பொருளால் வருகிறது. நம் ரகங்களில் பெரும்பாலும் அமைலோஸ் என்ற இன்னொரு மாவுப்பொருள் தூக்கல். சோறு உதிரி உதிரியாக நிற்பதும் ஆறினால் விறைப்பதும் அதனால்தான். ஆகவே நம் அரிசி கொஞ்சம் பிகு செய்யும். வழிக்குக் கொண்டுவர முடியும்.

இப்போது இந்த ஆய்வின் மிகக் கடுமையான சிக்கல். ரிசோட்டோ அரிசியைக் களையக் கூடாது என்கிறார்கள் இத்தாலியர். களைந்தால் மேல்மாவு போய்விடுமாம். தமிழ் வீட்டில் அரிசி களையாமல் உலையில் போடுகிறவரை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. தவிடு, தூசு, வண்டு, எப்போதாவது ஒரு கல். இத்தாலியக் கோட்பாடு இவற்றைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. நம் பாட்டிமார் இந்தச் சிக்கலை ரிசோட்டோ என்ற பெயரைக் கேட்காமலே தீர்த்துவைத்திருக்கிறார்கள். முதல் கழுநீரைக் கொட்டு. இரண்டாம் கழுநீரை எடுத்துவை, குழம்புக்குப் புளி கரைக்கலாம். அதே விதி இங்கேயும். அந்த வெள்ளைத் தண்ணீரில்தான் நாம் தேடும் மாவு மிதக்கிறது. அதையே சூடாக்கிச் சட்டியில் விட்டால் அழுக்கும் போயிற்று, கொழகொழப்பும் திரும்பிற்று. கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் கம்பெனித் தொழிலாளர் அறையில் இது இரட்டை லாபம். அதோடு ஒரு காளான் பாக்கெட்டின் தண்டுகள், வெங்காயத் தோலுக்கு அடுத்த பட்டை, நாலு மிளகு. சாறு தயார். மிலானில் மாட்டு நல்லி போடுவார்கள். அது அவரவர் விருப்பம், அவரவர் பர்ஸ்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, ஈரம் வடிந்த அரிசியைப் போட்டுச் சுடச்சுட வறுத்து, கொதிக்கும் சாற்றை ஒரு கரண்டி ஊற்றி, அரிசி அதை உறிஞ்சியதும் அடுத்த கரண்டி. ஏறக்குறைய 18 நிமிடம். தொழில்நுட்ப வாசகர் இதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தேவைப்படும்போது, தேவைப்படும் அளவு மட்டும், கையிருப்பு இல்லாமல்: இது டொயோட்டா உலகுக்குக் கற்பித்த ஜஸ்ட் இன் டைம். சீட்டும் பம்பரும் கார் லைனுக்கு வந்து சேரும் அதே முறை. இதோடு ஒப்பிட்டால் நம் வெண்பொங்கல் மொத்த உற்பத்தி. தண்ணீரை அளந்து ஊற்றி, மூடி, விசிலை எண்ணிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறோம்.

குளிக்கப் போவதில்தான் விஷயமே இருக்கிறது. சிக்கன ரிசோட்டோவைப் பற்றிப் பேசுவோர் சீஸ் விலையையும் குங்குமப்பூ விலையையும் கூட்டுகிறார்கள். 18 நிமிடம் அடுப்பருகில் நிற்கும் ஆளின் விலையைக் கூட்டுவதே இல்லை. நைட் ஷிஃப்ட்டும் அதன்மேல் ஓ.டி.யும் முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, லைன் வீட்டு அறைக்கு வருகிறவர் இரவு முழுக்க லைனில் நின்றவர். அவரை இன்னொரு லைனில் நிறுத்துவது நியாயமா? அந்த அறையின் ஐந்து கிலோ சிலிண்டரும் நீண்ட தீயை விரும்பாது. ஆகவே பரிந்துரைக்கிறோம்: குக்கர். வதக்கு, வறு, சாறு முழுதும் ஊற்று, ஒரே விசில், ஆவி இறங்கியதும் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் கிண்டு. இத்தாலிய வீடுகளிலேயே இப்படிச் செய்கிறவர்கள் உண்டு, வெளியே சொல்வதில்லை.

கடைசிக் கட்டம் அடுப்பை அணைத்தபின். குளிர்ந்த வெண்ணெயும் சீஸும் போட்டு வேகமாக அடிக்க வேண்டும். இங்கே நெய்யை நம்பி மோசம் போகாதீர்கள். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு, அது மாவோடு கூடிக் குழம்பாகும். நெய் தனியே பிரிந்து மேலே மினுங்கும். பொங்கலுக்கு அது அழகு, இங்கே அது தோல்வி. பார்மேசான் சீஸைக் குறைந்தது 12 மாதம் முதிர வைத்துச் சோதித்த பிறகே முத்திரை குத்தி நிரந்தரமாக்குகிறார்கள். இந்த வட்டாரத்தில் எல்லா டிரெய்னிக்கும் அது வாய்ப்பதில்லை. மாற்றாகப் பெட்டிக்கடை சீஸ் க்யூப் ஒன்று போதும். அதிலுள்ள உப்புகள் எண்ணெய் பிரியாமல் காக்கும், சுவை சற்று வெகுளியாக இருக்கும்.

வெள்ளை ஒயின் அரைக் கோப்பை என்கின்றன சமையல் நூல்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். அரைக் கோப்பைக்காக ஒரு முழுப் பாட்டில் வாங்கினால் மீதியை அறைத்தோழர்கள் என்ன செய்வார்கள் என்பது சமையல் ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஒயின் தருவது புளிப்பு; அரை மூடி எலுமிச்சை அதைத் தரும். குங்குமப்பூவுக்கு மஞ்சள்தூளா? போடலாம். மிலான் நிறம் வரும், மாட்டுப்பொங்கல் மணமும் சேர்ந்து வரும்.

ஆய்வேட்டை அறைத்தோழர்கள் அடங்கிய மதிப்பீட்டுக் குழுவின் முன் வைத்தோம். குழு தரையில் தினத்தாள் விரித்து அமர்ந்தது. "ரேஷன் அரிசியா அண்ணே இது?" என்றார் விழுப்புரத்துத் தம்பி, அதைப் பாராட்டாகக் குறித்துக்கொண்டோம். அடுத்து, "பொங்கல்ல உப்பு கம்மி, ஊறுகா இருக்கா?" என்றார், அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒடிசாக்காரர் ஒன்றும் சொல்லாமல் பச்சை மிளகாயைக் கடித்தபடி மறுபடி தட்டை நீட்டினார். பிறகு சட்டியில் மிஞ்சியது அடிப்பிடித்த பகுதி மட்டும். அதைச் சுரண்டும் உரிமை செய்தவருக்கா, பாத்திரம் தேய்ப்பவருக்கா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது.